டிவி டிபேட் பார்த்துவிட்டு பிரைமரியில் ஓட்டு: இன்னும் உறுத்துகிற காட்சி எது?

எடிசன்வாசி:

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிக்கு முன்பு நடக்கும் டிவி டிபேட்களைத்தான் சொல்கிறேன். மயாமி, 2019 ஜூன் 27, ஜனநாயகக் கட்சியின் இரண்டாம் நாள் மேடை. கறுப்பினப் பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்புவதைப் பைடன் ஒரு காலத்தில் எதிர்த்ததைக் கமலா ஹாரிஸ் அவர் முகத்துக்கு நேரே கேட்டதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பெண் சியாமளா கோபாலனின் மகள் என்பதால் நம் ஆட்கள் அந்த கிளிப்பை விடிய விடிய அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உறுத்துவது அதற்கு முன்னால் வந்த காட்சி.

கம்பெனி வழியாக மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் பலர் பார்க்கிறார்கள். தங்களுடைய தனியார் காப்பீட்டை ஒழித்துவிட்டு அரசுத் திட்டத்துக்குப் போக யார் தயார், கை தூக்குங்கள் என்று கேள்வி வந்தது. மேடையில் பத்துப் பேர். இரண்டே கைகள் உயர்ந்தன: சாண்டர்ஸ், ஹாரிஸ். முந்தின நாளும் இரண்டுதான்: வாரன், டி பிளாசியோ. மறுநாள் ஹாரிஸ், நான் கேள்வியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன், என் சொந்தக் காப்பீட்டை விடுவேனா என்று கேட்டதாக நினைத்தேன் என்றார். "தங்களுடைய" என்ற சொல் இரண்டு பக்கமும் இழுபடும், உண்மைதான். ஆனால் ஜூலை 29ல் அவர் வெளியிட்ட திட்டத்தில் பத்தாண்டு மாற்றக் காலம் இருந்தது, தனியார் நிறுவனங்களுக்கும் இடம் இருந்தது. இரண்டே நாளில் டெட்ராய்ட் மேடையில் பைடன் அந்தத் திட்டத்தைப் பிடித்தார். ஹாரிஸ் அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தைத் துளசி கப்பார்ட் பிடித்தார். டிசம்பர் 3ல் ஹாரிஸ் விலகிவிட்டார், ஒரு மாநிலத்தில்கூட ஓட்டு விழுவதற்கு முன்பே.

கம்பெனி இன்சூரன்ஸில் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கும் வீட்டுக்கு அன்று இரவு கிடைத்த மிகப் பெரிய தகவல் அந்தக் கை. ஒரு சில வினாடிதான் திரையில் இருந்தது. கை தூக்கச் சொன்னால் உடனே ரிமோட்டில் நிறுத்துங்கள். தூக்கியது யார், பாதி தூக்கி இறக்கியது யார், பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டுத் தூக்கியது யார் என்று பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் திருத்தம் வருகிறதா என்று பாருங்கள். திருத்தம் வந்தால் அதையும் தேதியோடு எழுதுங்கள்.

உங்களுக்கு எந்தக் காட்சி?

மெரிமாக் கரை:

2016 பிப்ரவரி 6, நியூ ஹாம்ப்ஷயர், செயின்ட் ஆன்செல்ம் கல்லூரி. குடியரசுக் கட்சி மேடை. செனட்டர் மார்கோ ரூபியோ.

ஒபாமா தெரியாமல் எதையும் செய்யவில்லை, தெரிந்தேதான் செய்கிறார் என்ற வரியை ரூபியோ சொன்னார். போட்டியில் இருந்த நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ்டி மடக்கினார். பதில் சொல்ல வந்தவர் அதே வரியைத் திருப்பிச் சொன்னார். இதோ, மனப்பாடம் செய்த 25 வினாடிப் பேச்சு என்று கிறிஸ்டி அங்கேயே காட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகும் ரூபியோவின் வாயிலிருந்து வந்தது அதே வரி.

ஐந்து நாளைக்கு முன்னால் அயோவாவில் 23% வாங்கி மூன்றாவதாக வந்தவர், பிப்ரவரி 9ல் இங்கே 10 சதவீதத்தை ஒட்டி ஐந்தாமிடத்துக்கு இறங்கினார். இது எல்லாருக்கும் தெரியும். அடித்த கிறிஸ்டி என்ன ஆனார் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். அவருக்கு ஆறாமிடம், 7 சதவீதம் சொச்சம். மறுநாளே விலகினார். ரூபியோவை விட்டு நகர்ந்தவர்கள் கிறிஸ்டி பக்கம் போய்ச் சேரவில்லை. இரண்டாமிடம் வந்தவர் ஒஹாயோ ஆளுநர் கேசிக், 16 சதவீதத்தை ஒட்டி. அந்தச் சின்ன மாநிலத்தில் நூறுக்கு மேல் ஊர்க்கூட்டம் நடத்தி, கேட்ட கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொன்னவர்.

இருவர் மட்டும் நிற்கும் தேர்தலில் ஒருவரை அடித்தால் ஓட்டு மற்றவருக்கு வந்தாக வேண்டும். ஏழெட்டுப் பேர் நிற்கும் பிரைமரியில் அடி வாங்கியவரையும் பிடிக்காது, அடித்தவரையும் பிடிக்காது. டிபேட் முடிந்ததும் "இன்று ஜெயித்தது யார்" என்று கேட்பதைவிட, "விழுந்தவரின் ஓட்டுக்கு அடுத்த வீடு எது" என்று கேட்டால் கணக்கு நெருங்கி வரும்.

பாலைவன ரோஜா:

மெரிமாக், உங்கள் கணக்கு ஓட்டு மிச்சமிருக்கும் ஊருக்குச் சரி. நெவாடா 2020ஐப் பாருங்கள்.

பிப்ரவரி 19, லாஸ் வேகஸ். முன்னாள் நியூயார்க் மேயர், பெரும் தொழிலதிபர் புளூம்பெர்குக்கு அது முதல் மேடை. அவர் நிறுவனத்தில் பெண்கள் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தங்களிலிருந்து அவர்களை விடுவிப்பீர்களா என்று வாரன் கேட்டார். அவர் மழுப்பினார். இவர் விடாமல் மறுபடியும் கேட்டார். அந்தத் தேர்தலில் ஒருவர் இன்னொருவரை அவ்வளவு தெளிவாக நிறுத்திக் கேட்ட இடம் வேறு இல்லை என்பேன்.

ஆனால் நெவாடாவில் முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்கள் பிப்ரவரி 15 முதல் 18 வரை. டிபேட் 19ல். மொத்தம் ஏறக்குறைய 1,05,000 பேர் கலந்துகொண்ட காகஸில் (கட்சிக்காரர்கள் வட்டம் வட்டமாகக் கூடித் தேர்ந்தெடுக்கும் முறை) ஏறக்குறைய 75,000 பேர் வரிசையில் நின்று சீட்டை ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். அதோடு, புளூம்பெர்கின் பெயரே நெவாடா சீட்டில் கிடையாது. முதலில் ஓட்டு நடந்த நான்கு மாநிலங்களில் அவர் போட்டியிடவில்லை. ஆக அந்த இரவின் மிகப் பெரிய அடி, சீட்டில் இல்லாத ஆள் மேல், முக்கால்வாசிப் பேர் ஓட்டுப் போட்டு முடித்த பிறகு விழுந்தது.

அந்தச் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் விருப்பம், இரண்டாவது என்று குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஐந்து வரை வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. கையெழுத்தும் கட்டாயமாக இருந்தது. 22ஆம் தேதி அந்தச் சீட்டு உங்கள் சொந்த வாக்குச்சாவடி வட்டத்துக்குப் போய், நேரில் வந்தவர்களோடு சேர்த்து எண்ணப்பட்டது. உங்கள் முதல் ஆள் அந்த வட்டத்தில் வரம்பை, பெரும்பாலும் 15%, எட்டவில்லை என்றால் ஓட்டு அடுத்த பெயருக்கு நகர்ந்தது. பலர் செய்த தவறு, மனசுக்குப் பிடித்த சின்ன வேட்பாளர்களையே வரிசையாக எழுதியது. எழுதிய பெயர்கள் எல்லாமே 15க்குக் கீழே இருந்தால் அந்தச் சீட்டு நகர இடமில்லாமல் நின்றுவிட்டது. வரிசையில் ஒரு பெயராவது அந்த வட்டத்தில் நிச்சயம் தேறக்கூடியதாக இருந்திருக்க வேண்டும்.

மெரிமாக் கரை:

ரோஜா, நாள் கணக்கு சரி. ஆனால் எங்கள் ஊர் வேறு. 2020 பிப்ரவரி 7, அதே கல்லூரி மேடை. செனட்டர் குளோபுச்சர் முடிவுரையில் ரூஸ்வெல்ட் இறுதி ஊர்வலக் கதையைச் சொன்னார். அழுதுகொண்டிருந்த ஒருவரிடம், உனக்கு அதிபரைத் தெரியுமா என்று கேட்கிறார்கள்; எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியும் என்கிறார் அவர். நான்கு நாள் கழித்து குளோபுச்சருக்கு ஏறக்குறைய 20%, மூன்றாமிடம். கடைசி சில நாட்களில்தான் முடிவெடுத்தோம் என்று வாக்குச்சாவடி வாசலில் சொன்னவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். இங்கே நெவாடா மாதிரி டிபேட்டுக்கு முன்பே பெரும்பாலோர் சீட்டைப் போட்டு முடித்துவிடவில்லை. அதுதான் வித்தியாசம்.

ஆஸ்டின் மீனா:

எடிசன் தம்பி, என் மனசை விட்டுப் போகாதது 2020 மார்ச் 2 ராத்திரி, டாலஸ். போட்டியில இருந்த பூட்டஜஜ் முந்தின நாள் விலகிட்டார், குளோபுச்சர் அன்னிக்கு. ரெண்டு பேரும் டாலஸ்ல பைடனுக்கு ஆதரவு சொல்றாங்க. மறுநாள் 14 மாநிலத்துல ஓட்டு. டெக்சஸ்ல முன்கூட்டி ஓட்டு பிப்ரவரி 18ல தொடங்கி 28ஓட முடிஞ்சு போச்சு. சார்ல்ஸ்டன் டிபேட் 25ஆம் தேதி. அதைப் பார்த்துட்டு 26, 27ல ஓடிப்போய் இந்த ரெண்டு பேருக்குப் போட்டவங்க சீட்டைத் திரும்ப வாங்க முடியாது. கலிஃபோர்னியாவுல பிப்ரவரி ஆரம்பத்துலயே தபால் சீட்டு வந்துடுச்சு. அனுப்பினவங்க கதியும் அதேதான்.

யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்லிடறேன், ஒவ்வொரு தடவையும் இதே இடத்துலதான் நம்ம ஆட்கள் தடுக்கி விழறாங்க.

டிபேட்டுக்கு முன்னாடியே உங்க பதிவைப் பாருங்க. டெக்சஸ்ல கட்சிப் பதிவே கிடையாது, அன்னிக்கு எந்தக் கட்சிச் சீட்டு வேணும்னு சொன்னா போதும். ஆனா ஒரு கட்சி பிரைமரியில போட்டுட்டா அந்த வருஷம் இன்னொரு கட்சியோட ரன்ஆஃப்ல (யாருக்கும் பாதிக்கு மேல வராட்டி நடக்கிற ரெண்டாம் சுற்று) போட முடியாது. கலிஃபோர்னியாவுல கட்சி சேராதவங்களா பதிவு பண்ணியிருந்தா, 2020ல தபால்ல வந்த சீட்டுல அதிபர் வேட்பாளர் பகுதியே இருக்காது. ஜனநாயகக் கட்சிச் சீட்டை நீங்களா கேட்டு வாங்கணும். குடியரசுக் கட்சி அப்படிக் கேட்டாலும் தராது, கட்சியில பதிவு பண்ணினாத்தான். உறையைப் பிரிச்ச அன்னிக்கு இதைப் பார்க்காம, ஓட்டு நாள்ல பார்த்துட்டுத் தவிக்கிறது வேண்டாம்.

டிபேட் பார்க்கும்போது ஒரு காகிதத்தை எடுத்து, உங்களுக்கு உண்மையா முக்கியமான மூணே விஷயத்தை எழுதுங்க. எச்-1பி வேலை விசா, காப்பீடு, பிள்ளைங்க கல்லூரிக் கடன், எதுவா இருந்தாலும் மூணுதான். ஒவ்வொரு வேட்பாளரும் அதைப் பத்தித் தொகை சொன்னாரா, வருஷம் சொன்னாரா, இல்லை எதிராளியைத் திட்டிட்டு நகர்ந்தாரா, அது மட்டும் போதும். மறுநாள் கிளிப் பார்க்காதீங்க, முழு எழுத்து வடிவத்தைப் படிங்க. முகபாவம், கைதட்டல் இல்லாம படிச்சா பதில்ல சதை இருக்கான்னு தெரிஞ்சுடும். சீட்டு கையில இருந்தா கடைசித் திங்கள் வரைக்கும் பூட்டி வைங்க. செவ்வாய் காலையில நேர்ல கொண்டுபோய்க் கொடுங்க. அந்த மார்ச்ல கலிஃபோர்னியாவுல தேர்தல் நாள் அஞ்சல் முத்திரையோட மூணு நாளுக்குள்ள வந்து சேரணும்னு விதி. தபால் பெட்டி எடுக்கிற நேரம் தாண்டிட்டா முத்திரை மறுநாள்தான் விழும்.

அப்புறம் 15%. டெலிகேட், அதாவது கட்சி மாநாட்டுல வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரதிநிதி, கிடைக்க இந்த அளவு ஓட்டு வேணும். ஜனநாயகக் கட்சியில இது மாநில அளவுலயும் உண்டு, காங்கிரஸ் தொகுதி அளவுலயும் தனியா உண்டு. உதாரணத்துக்கு ஒரு தொகுதியில அஞ்சு டெலிகேட். மூணு பேர் 30, 25, 20 வாங்கறாங்க, மிச்ச 25% பல பேருக்குச் சிதறி யாருமே 15 தொடலை. அந்த 25ஐ எடுத்துட்டு 75க்குத்தான் பங்கு போடுவாங்க: ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. நூத்துல இருபத்தஞ்சு பேர் போட்ட ஓட்டு டெலிகேட்டா மாறாது. நியூ ஹாம்ப்ஷயர் 2020ல வாரன் 9%, பைடன் 8%, ரெண்டு பேருக்கும் பூஜ்யம். 24 டெலிகேட்டையும் சாண்டர்ஸ் 9, பூட்டஜஜ் 9, குளோபுச்சர் 6னு எடுத்துக்கிட்டாங்க. டிபேட்ல மனசைத் தொட்டவர் உங்க தொகுதியில 15 தாண்டுவாரான்னு பாருங்க. தாண்டமாட்டார்னு தெரிஞ்சும் போடறது உங்க உரிமை, தெரிஞ்சு போடுங்க.

கொலம்பஸ் கண்ணன்:

மீனா அக்கா, எல்லா மாநிலத்திலும் ஒரே 15% என்பது ஜனநாயகக் கட்சிக்கு மட்டும். குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். 2016ல் டெக்சஸில் 20%. அதே ஆண்டு மார்ச் 15ல் ஃபுளோரிடாவின் 99 டெலிகேட்டும் முதலில் வந்தவருக்கே. ரூபியோ சொந்த மாநிலத்தில் ஒன்றுகூட வாங்கவில்லை. எங்கள் ஒஹாயோவின் 66ம் கேசிக்குக்கு. இங்கே இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னாரை நிறுத்த வேண்டும் என்று நினைத்தவர் மாநிலத்தில் முதலில் வரக்கூடிய ஒருவரைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

என்னை உறுத்துவது 2023 ஆகஸ்ட் 23, மில்வாக்கி, குடியரசுக் கட்சி மேடை. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விவேக் ராமசாமி மேடை நடுவில் நிற்கிறார். உக்ரைன் பேச்சு வந்ததும் நிக்கி ஹேலி, உங்களுக்கு வெளியுறவு அனுபவம் இல்லை, அது நன்றாகவே தெரிகிறது என்று முகத்துக்கு நேரே சொன்னார். இருவர் வீட்டு வேரும் இந்தியாவில் என்பதால் நம் ஆட்கள் இதையே வாரக்கணக்கில் பேசினார்கள். முன்னணியில் இருந்த டிரம்ப் அந்த மேடைக்கும் வரவில்லை, அதற்கடுத்த எந்தப் பிரைமரி மேடைக்கும் வரவில்லை. 2024 ஜனவரி 15 அயோவாவில் அவருக்கு 51%. டிசான்டிஸ் 21, ஹேலி 19, ராமசாமி 8க்கும் கீழே, அன்று இரவே விலகல். அங்கே குறைந்தபட்ச வரம்பு இல்லாததால் அந்த 8க்குக் கீழும் 3 டெலிகேட் கிடைத்தது. ஜனநாயகக் கட்சி விதிப்படி என்றால் ஒன்றுமில்லை.

மேடையில் இல்லாதவரை மேடையில் இருப்பவர்களோடு எடைபோட டிபேட் உதவாது. அவர் அதே வாரம் கொடுத்த பேட்டியையோ கூட்டப் பேச்சையோ, மீனா அக்கா சொன்ன அதே மூன்று விஷயத்தை வைத்துப் பக்கத்தில் போட்டுப் படிக்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. அதுதான் எனக்கு ஆதங்கம்.

பாலைவன ரோஜா:

கண்ணன் சொன்ன "மேடை நடுவில்" பற்றி ஒன்று. நடு இடம் கருத்துக்கணிப்பு எண்ணை வைத்துக் கொடுப்பது. ஓரத்தில் நிற்பவருக்குக் கேள்வியும் குறையும், கேமராவும் குறையும். மேடைக்கு வருவதற்கே தனி விதி: 2019 மயாமிக்கு மூன்று கருத்துக்கணிப்பில் 1%, அல்லது 65,000 நன்கொடையாளர்கள், அதிலும் 20 மாநிலங்களில் தலா 200 பேர். செப்டம்பரில் ஹூஸ்டனுக்கு 1,30,000 நன்கொடையாளர்கள், நான்கு கணிப்பில் 2%, இரண்டும் வேண்டும். ஒரு டாலராவது போடுங்கள் என்று அந்தக் கோடையில் அத்தனை மின்னஞ்சல் வந்தது இதற்குத்தான். கொள்கை பிடிக்காவிட்டாலும் மேடையில் கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்று நினைத்தவருக்கு, நன்கொடையாளர் கணக்கில் சேர அன்று ஒரு டாலர் போதுமாக இருந்தது.

எடிசன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. மீனா அக்கா பதிவை முதலில் பார்க்கச் சொன்னதால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து விஷயத்தையும் சேர்க்கிறேன். நியூயார்க் மூடிய பிரைமரி, கட்சியில் பதிந்தவர் மட்டும்தான். 2016 ஏப்ரல் 19 பிரைமரிக்குக் கட்சி மாற்றக் கடைசி நாள் 2015 அக்டோபர் 9. ஜனநாயகக் கட்சியின் முதல் டிபேட் அக்டோபர் 13. வேறு பதிவில் இருந்து, சாண்டர்ஸையும் கிளின்டனையும் ஒரே மேடையில் பார்த்துவிட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்க நினைத்தவருக்கு, அவர்கள் வாய் திறப்பதற்கு நான்கு நாள் முன்பே கதவு சாத்தியாகிவிட்டது. டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் அதே தேதியைத் தவறவிட்டதால்தான் அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியவில்லை. 2019ல் சட்டம் திருத்தி பிப்ரவரி 14 ஆக்கினார்கள். எங்கள் நியூ ஜெர்சியில் கட்சி சேராதவர் அன்றைக்கே சாவடியில் சொல்லிச் சீட்டு வாங்கலாம். ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவருக்கு மட்டும் 55 நாள் முன்பே படிவம் போய்ச் சேர வேண்டும். ஜெர்சி சிட்டியிலிருந்து குவீன்ஸுக்கு வீடு மாறியவர்கள் யாராவது இருந்தால், புது முகவரிப் படிவத்தில் கட்சிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.