அடுக்குமாடியில் சமையல் கழிவு உரம்: வழி சொல்லுங்கள்

வணக்கம். செந்தூலில் எட்டாவது மாடியில் இருக்கிறோம். தாள், நெகிழி, டின் எல்லாம் தனித்தனியாகப் பிரித்துத்தான் போடுகிறோம். கோலாலம்பூரில் 2015 செப்டம்பரிலிருந்தே அது கட்டாயம். தாப்பாவ் (கடையில் கட்டி வாங்கும் சாப்பாடு) வாங்கவும் தூக்குச்சட்டிதான். ஆனால் சமையல் கழிவு குப்பைமேட்டுக்குப் போய், காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆவதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

துளை போட்ட வாளியில் காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு போட்டு மேலே சருகு தூவுகிறேன். சாயங்கால மழைச்சாரல் பட்டால் அடியில் கறுப்பாகத் தண்ணீர் வடிகிறது, புளித்த வாடை வேறு. காய்ந்ததை இன்னும் சேர்க்கணும், தெரியும். மாடியில் சருகுக்கு எங்கே போவது?

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் தேங்காய் நார்த்தூள் மலிவாக எங்கே கிடைக்கும்? சாமிப் படத்துக்குப் போட்ட பூவைச் சேர்க்கலாமா? மீந்த குழம்புச் சோற்றை என்ன செய்கிறீர்கள்? அடுக்குமாடியிலேயே செய்து பார்த்த அக்கா, அண்ணன்மார் சொல்லுங்கள்.