பெல்லட்டைத் தொடாத காக்கடீல்: விதை உணவை மாற்றுவது எப்படி?

கேள்வி

என்னிடம் 4 வயதுள்ள ஆண் காக்கடீல் (கொண்டையுள்ள சிறு கிளி வகை) ஒன்று இருக்கிறது. வாங்கிய நாள் முதல் விதைக் கலவையையே கொடுத்து வந்தேன். அதிலும் சூரியகாந்தி விதைகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றவற்றைக் கீழே தள்ளிவிடுவான். சில வாரங்களாக அடிக்கடி தும்மியதாலும், மூக்குத் துளையைச் சுற்றிக் கசிவு காய்ந்து ஒட்டியிருந்ததாலும் பறவை மருத்துவரிடம் காட்டினேன். அவர் வைட்டமின் ஏ குறைபாடு என்று கூறி, மருந்து கொடுத்து, உணவைப் பெல்லட்டுக்கு (சத்துகளைக் கலந்து சிறு உருண்டைகளாகச் செய்த பறவைத் தீவனம்) மாற்றச் சொன்னார். நான் அவசரப்பட்டு மறுநாளே விதையை அடியோடு நிறுத்திவிட்டேன். 3 நாட்களில் எடை 94 கிராமிலிருந்து 88 கிராமாகக் குறைந்துவிட்டது. பசித்தால் தானாகத் தின்பான் என்று பொறுத்திருக்கலாமா, அல்லது விதையையே தொடர்ந்து, தண்ணீரில் வைட்டமின் சொட்டு மருந்தைக் கலந்து கொடுக்கலாமா?

மறுமொழி 1

பொறுத்திருக்க வேண்டாம், இன்றே விதையைத் திரும்ப வையுங்கள். விதையைத் தவிர வேறெதையும் அறியாத பறவைக்குப் பெல்லட் உணவாகவே தோன்றாது என்பதால், கிண்ணம் நிறைய அது இருந்தாலும் பட்டினி கிடக்கும். அவன் இழந்திருப்பது உடல் எடையில் 6 சதவீதத்துக்கும் மேல். 10 சதவீதத்தை நெருங்கினால் மருத்துவரிடம் கொண்டு செல்லும் நிலை வந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். எச்சத்தையும் கவனியுங்கள்: எண்ணிக்கை குறைந்து, கரும்பச்சையாகச் சிறுத்திருந்தால், அவன் பெல்லட்டை நொறுக்கி விளையாடுகிறானே தவிர விழுங்கவில்லை என்று பொருள்.

தண்ணீரில் வைட்டமின் கலப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவை மாறுவதால் பறவை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடும். மருந்தும் விரைவில் வீரியம் இழக்கும். எவ்வளவு உள்ளே போயிற்று என்பதும் தெரியாது. பெல்லட் தின்னத் தொடங்கிய பின்னும் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடர்ந்தால், வைட்டமின் ஏ, டி ஆகியவை மிகையாகிக் கேடு விளைவிக்கும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். மாற்றும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பலரும் தவறுவது இங்கேதான். காலையில் முதல் பெரிய எச்சம் போட்ட பிறகு, உணவு வைப்பதற்கு முன், கிராம் காட்டும் தராசில் தினமும் எடை பாருங்கள். பசி மிகுந்திருக்கும் அந்த நேரத்தில் பெல்லட்டை முதலில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்த விதையைக் கொடுங்கள். எடை நிலையாக இருந்தால் மட்டும் வாரந்தோறும் விதையைச் சிறிது குறையுங்கள். இதற்கு 6 வாரமும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். பெல்லட்டைப் பொடித்து, ஊறவைத்த தினையின் மேல் தூவினால் சுவை பழகும். நீங்கள் அவன் முன்னால் அமர்ந்து கேரட்டைக் கடித்துக் காட்டுவது வேடிக்கையாகத் தோன்றினாலும், கூட்டமாக உண்டு பழகிய இனம் என்பதால் அது நன்றாகவே வேலை செய்கிறது.

கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சிவப்புக் குடைமிளகாய், கரும்பச்சைக் கீரைகள் ஆகியவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. அந்த வைட்டமினும் கால்சியமும் மிகக் குறைவு. அதை ஒதுக்கிவிடாமல், கையில் வந்து அமர்ந்தால் தரும் பரிசாக வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, மது ஆகியவை துளியும் கூடாது.

கேள்வி கேட்டவர், 5 வாரங்களுக்குப் பின்

விதையைத் திரும்ப வைத்ததும் 4 நாட்களில் 92 கிராம் ஆனான். இப்போதும் அதே எடை. காலையில் பெல்லட்டைத் தின்கிறான், தும்மலும் குறைந்திருக்கிறது. கேரட்டை மட்டும் இன்றுவரை என் மேலேயே வீசுகிறான். ஆனால் கீரை தின்னும் நாட்களில் எச்சம் நீர்த்துப் போகிறது. வயிற்றுப்போக்காக இருக்குமோ?

மறுமொழி 1

எச்சத்தின் திடப்பகுதி உருண்டு, உருவம் கெடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சுற்றி நீர் மட்டும் கூடியிருந்தால், கீரையிலுள்ள நீர் சிறுநீராக வெளியேறுகிறது என்பதே காரணம். கீரையை நிறுத்த வேண்டாம். திடப்பகுதியே கரைந்து கூழாகியிருந்தாலோ, கீரை தராத நாட்களிலும் நீர் குறையாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கேரட்டைத் துருவி, ஈரக் கீரையில் ஒட்டவைத்துக் கொடுத்துப் பாருங்கள். வீசுவதற்குத் துண்டு கிடைக்காது.