ஆட்டிசம் கணக்கெடுப்பு: ஒரு சந்தேகம்

நண்பர்களே, ஒரு உதவி. ஒரு நாட்டில் எத்தனை பேருக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று கணக்கிடும் முறைகளைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டும், ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன்.

அமெரிக்காவில் குறிப்பிட்ட சில பகுதிகளில் 8 வயதுப் பிள்ளைகளின் மருத்துவ, பள்ளிப் பதிவேடுகளைப் பார்த்து எண்ணுகிறார்கள். 2000-இல் 150 பேரில் ஒருவர், 2022-இல் 31 பேரில் ஒருவர். கண்டறிவது கூடியதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு, அது புரிகிறது.

தென்கொரியாவில் பதிவேட்டோடு நிற்காமல் சாதாரணப் பள்ளிகளிலும் பெற்றோரிடம் கேள்வித்தாள் கொடுத்துத் தேடினார்கள் (2011-இல் வெளியானது). 2.64 சதவீதம்! அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதுவரை யார் கண்ணிலும் படாத பிள்ளைகள்.

சரி, கேள்வித்தாளைத் திருப்பித் தராத வீடுகளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? பிள்ளையைப் பற்றி ஏற்கெனவே கவலைப்படும் பெற்றோர்தான் அதிகம் நிரப்பித் தருவார்கள் என்றால் விகிதம் ஊதிவிடுமே. இதைச் சரிக்கட்டிய அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.