குடும்பக் குழு: 25 பவுண் கட்சி

துளசி: பெரியப்பா, பொலிடிக்ஸ் பாடத்துக்குக் கட்டுரை எழுதவேணும். பிஎன்பி, அதுதான் வெளிநாட்டுக்காரர் வரக்கூடாதெண்ட தீவிர வலதுசாரிக் கட்சி பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி, ஏன் விழுந்தது? நீங்கள் அப்ப லண்டனிலதானே இருந்தனீங்கள்?

பெரியப்பா: ஓம் பிள்ளை. முதல்ல எப்பிடி ஏறினதெண்டு எழுது. 1982இல ஜோன் டின்டால் எண்டவர் தொடங்கினது. 1993இல கிழக்கு லண்டன் மில்வால்ல ஒரு கவுன்சிலர், அடுத்த வருசமே அதுவும் போட்டுது. 1999இல நிக் கிரிஃபின் தலைவரானார். கோட் சூட், மினுக்கின பேச்சு. உள்ளுக்க அதே சரக்கு.

மாமி: 2006இல கிழக்கு லண்டன் பார்க்கிங் டகனம் கவுன்சில்ல அவைக்கு 12 கவுன்சிலர். நாங்கள் அங்க வீடு பார்த்த நேரம். மாமா வேண்டாமெண்டிட்டார்.

கீரன்: கார் பார்க்கிங்கில கவுன்சிலரோ 😂

மாமி: டேய்

பெரியப்பா: பகிடி இல்லை. 2002இல டகனம் ஃபோர்ட்டில கார் பொருத்துறது நிண்டுது. கவுன்சில் வீடுகளைக் குடியிருந்தவைக்கே வித்தாச்சு, புதுசாக் கட்டினது காணாது. 'வந்தான் வரத்தான் உன்ர வீட்டை எடுக்கிறான்' எண்டு ஆரும் சொன்னா எடுபடும்தானே.

துளசி: 2009இல ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு 2 பேர் போயிருக்கினம். 2010 பொதுத்தேர்தல்ல 5 லட்சத்து 64 ஆயிரம் வோட்டு, ஒரு சீட்டும் இல்லை. எப்பிடி?

பெரியப்பா: ஐரோப்பியத் தேர்தல் விகிதாசாரம். பொதுத்தேர்தல்ல தொகுதிக்குள்ள முதலாவதா வரவேணும். கிரிஃபின் பார்க்கிங்கில மூண்டாவது. அண்டைக்கே நடந்த கவுன்சில் தேர்தல்ல 12 கவுன்சிலரும் துடைச்சுப் போச்சு. 51 இடமும் லேபர் கட்சிக்கு. அவையும் சும்மா இருக்கேல்ல, வீடு வீடாக் கதவு தட்டினவை.

கீரன்: அக்கா, ஸ்பிட்ஃபயர் எண்ட இரண்டாம் உலகப்போர் சண்டை விமானத்தை விட்டிடாதேங்கோ. பிஎன்பி 2009 போஸ்டரில போட்ட விமானம், பிரிட்டிஷ் விமானப்படையில போலந்துக்காரர் ஓட்டின 303 ஸ்குவாட்ரன்ர. போலந்துக்காரர் வரக்கூடாதெண்டு கத்தின கட்சி 😂😂

மாமா: 2016இல இன்னும் திறம். வருசப் பதிவுக்கு 25 பவுண் கட்டாம விட, தேர்தல் ஆணையம் பேரையே எடுத்துப்போட்டுது.

பெரியப்பா: பிறகு திருப்பிப் பதிஞ்சவங்கள். ஆனா கட்சி அதுக்கு முதலே செத்திட்டுது. வெள்ளையர் மட்டும் எண்ட விதியால வழக்கு, கடன், உள்வீட்டுச் சண்டை. 2014இல கிரிஃபின் வங்குரோத்து, ஐரோப்பியப் பாராளுமன்றச் சீட்டும் போச்சு, கட்சியே ஆளைக் கலைச்சுது. 2015 பொதுத்தேர்தல்ல நாடு முழுக்க 1,667 வோட்டு.

துளசி: வோட்டுப் போட்ட சனம் எங்க போனது?

பெரியப்பா: அதைத்தான் நீ எழுதவேணும். 2014 ஐரோப்பியத் தேர்தல்ல யூகிப், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறவேணுமெண்ட கட்சி, முதலாவதா வந்தது. வெளிநாட்டுக்காரர் வாறதைப் பற்றின கோபத்தை அவை இன்னும் மெல்லிசாக் கதைச்சவை. கட்சிதான் விழுந்தது பிள்ளை, கோபம் விழேல்ல. முதல் பந்தியில இதைப் போடு, இரண்டாவதில வீட்டுப் பிரச்சினை, மூண்டாவதில

மாமி: அண்ணை, பரீட்சை உங்களுக்கோ பிள்ளைக்கோ?