செக்வோயா ஓட்டை: 4096 பைட் வரம்பு இருந்தும் 1 ஜிபி பாதை எப்படி?

கேள்வி
வணக்கம். எங்கள் துறையின் டெபியன் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்கள் எல்லோருக்கும் ஷெல் கணக்கு உண்டு. 2021 ஜூலை 20 அன்று குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட லினக்ஸ் கெர்னல் ஓட்டை (சிவிஇ-2021-33909, செல்லப்பெயர் செக்வோயா) பற்றிப் படித்ததிலிருந்து நிம்மதி இல்லை. டைரக்டரிப் பாதையின் நீளம் 1 ஜிபியைத் தாண்டினால் சாதாரணப் பயனரும் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ளவர், ஆகலாமாம். ஆனால் லினக்ஸில் பாதை 4096 பைட்டுக்கு மேல் போகாதே?

பதில் 1
அந்த வரம்பு, ஒரு சிஸ்டம் காலுக்கு (நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைக்கு) நாம் கொடுக்கும் பாதைக்கு மட்டும்தான். ஒரு டைரக்டரி உருவாக்கி, உள்ளே போய், அங்கே இன்னொன்று உருவாக்கி, அதற்குள்ளும் போய் என்று இறங்கிக்கொண்டே இருந்தால் கெர்னல் தடுக்காது. குவாலிஸ் ஆட்கள் சுமார் பத்து லட்சம் அடுக்கு இறங்கினார்கள். 5 ஜிபி நினைவகம் இருந்தால் போதுமாம்.

பிறகு சாதாரணப் பயனருக்கும் மவுண்ட் உரிமை தரும் யூசர் நேம்ஸ்பேஸ் என்ற தனி வட்டத்துக்குள் அந்த டைரக்டரியை பைண்ட் மவுண்ட் செய்து (இன்னொரு இடத்திலும் தெரியவைத்து), டைரக்டரியை அழித்துவிட்டு, மவுண்ட் பட்டியலைக் காட்டும் ப்ராக்கில் உள்ள மவுண்ட்இன்ஃபோவைப் படிக்கிறார்கள். கோளாறு இங்கேதான். அந்தப் பாதை கொள்ளும்வரை, இப்படிப்பட்ட ஃபைல்களின் உள்ளடக்கத்தைத் தயாரிக்கும் கெர்னலின் செக்-ஃபைல் நிரல் பஃபரை (தற்காலிக நினைவக இடத்தை) இரட்டித்துக்கொண்டே போக, அது 2 ஜிபி ஆகிறது. 64 பிட் எண்ணான அந்த அளவை அடுத்த ஃபங்ஷன், 2 ஜிபியை எட்டும் எண் கொள்ளாத 32 பிட் இன்ட்டாக வாங்குகிறது. எண் மைனஸ் ஆகிவிடுகிறது. பஃபரின் கடைசியில் எழுத வேண்டிய ‘//டெலீட்டட்’ என்ற 10 பைட், பஃபர் தொடங்கும் இடத்துக்கும் 2 ஜிபி முன்னால் போய் விழுகிறது. ரூட் வரை போக அந்த 10 பைட்டே போதும்.

2014இல் வந்த 3.16 கெர்னலிலிருந்தே இது இருக்கிறது. ஃபைல் சிஸ்டம் ஓட்டை என்றால் எல்லோரும் டிஸ்க் பக்கமே தேடுகிறோம். டிஸ்க்கையே தொடாத இந்த மாதிரி நிரலையும் யாராவது உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டும்.

பதில் 2
யூசர் நேம்ஸ்பேஸையும் பயனர்களுக்கான ஈபிபிஎஃப்பையும் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் வசதி) மூடிவைத்தால் போதாதா?

பதில் 1
அவர்கள் காட்டிய வழி அடைபடும், ஓட்டை அடைபடாது. ஃப்யூஸ் (சாதாரணப் பயனரும் ஃபைல் சிஸ்டம் மவுண்ட் செய்ய உதவும் வசதி) வழியாகவும் நீளமான டைரக்டரியை மவுண்ட் செய்ய இடமுண்டு என்று அவர்களே சொல்கிறார்கள். டெபியன் அன்றைக்கே திருத்தம் கொடுத்துவிட்டது. அதைப் போட்டுவிட்டு ரீபூட் செய்யுங்கள். பழைய கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும் வரை பேக்கேஜ் போட்டும் பயனில்லை.

கேட்டவர்
நன்றி அண்ணா. இன்று லேப் முடிந்ததும் ரீபூட் செய்கிறேன். இவ்வளவு டைரக்டரி உருவாக்க முடியாதபடி, ஒவ்வொரு பயனருக்குமான டிஸ்க் கோட்டாவில் ஐநோடுக்கும் (ஒவ்வொரு ஃபைலுக்கும் டைரக்டரிக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) வரம்பு வைக்கலாமா?

பதில் 1
வையுங்கள், நல்லதுதான். ஆனால் நினைவகத்திலேயே இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ் இடங்களுக்கு அந்தக் கோட்டா பொருந்தாது. அங்கே மவுண்ட் ஆப்ஷனில் தனியாக வைக்க வேண்டும். முதலில் ரீபூட்.