மெயில்ல ஃபைல் சேர்த்து அனுப்பும்போது எப்படி எழுதறது? 'பி.எஃப்.ஏ' (ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு) போட்டா சரியா?

ஆத்தூர்க்காரன்:
வணக்கம்ங்க. ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி ஆபீஸ்ல வேலை பாக்கறேன். இந்தூர் பார்ட்டிங்களுக்கு இன்வாய்ஸ், லேப் ரிப்போர்ட் எல்லாம் நான்தான் மெயில் பண்றது, எல்லாத்துக்கும் 'பி.எஃப்.ஏ'ன்னு போட்டு அனுப்பிருவேன், யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப லண்டன்ல இருந்து புதுசா ஒரு பார்ட்டி ஜவ்வரிசி விலை கேட்டிருக்காங்க. முதலாளி 'ப்ளீஸ் ஃபைண்ட் என்க்ளோஸ்டு ஹியர்வித்'னு போடுன்றார், கூட வேலை பாக்குற பொண்ணு அதெல்லாம் பழசு, 'ஐ ஹேவ் அட்டாச்டு' போதும்ங்குது. எதுங்க சரி?

செவ்வாய்ப்பேட்டை:
அந்தப் பொண்ணு சொல்றதுதாங்க சரி. என்க்ளோஸ்டுங்கறது கவருக்குள்ள பேப்பர் வெச்சு அனுப்பறதுக்கு. நீங்க கொரியர்ல சாம்பிள் பாக்கெட்டோட லெட்டர் வெச்சா அதுல தாராளமா எழுதலாம், மெயிலுக்கு அட்டாச்டுதான். ஹியர்வித் வேணவே வேணாம், எடுத்துட்டாலும் அர்த்தம் அப்படியே இருக்கும். 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு' தப்பில்ல, கொஞ்சம் விறைப்பா இருக்கும் அவ்ளோதான். பி.எஃப்.ஏ மட்டும் வெளிநாட்டுக்குப் போடாதீங்க, நம்மூர் ஆபீஸ்ல எல்லாருக்கும் புரியும், இங்கிலாந்துல அது ஃபுட்பால் ப்ளேயருங்க சங்கத்தோட பேரு.

அஸ்தம்பட்டி ஆடிட் ஆபீஸ்:
வார்த்தைய விட முக்கியம், உள்ள என்ன ஃபைல் இருக்கு, அத வெச்சு அவங்க என்ன பண்ணணும்னு சொல்றது. எங்களுக்கு தினமும் மெயில் வருது, 'பி.எஃப்.ஏ'ன்னு மட்டும் இருக்கும், ஃபைல் பேரு ஸ்கேன்0012, ஸ்கேன்0013, எது பில்லு எது பேங்க் ஸ்டேட்மென்ட்டுன்னு ஒவ்வொண்ணா தொறந்து பாத்தாதான் தெரியும், ஜிஎஸ்டி ஃபைல் பண்ற கடைசி நாள்ல இது பெரிய கொடுமைங்க. நீங்க இப்படி எழுதுங்க: 'ஐ ஹேவ் அட்டாச்டு தி ப்ரைஸ் லிஸ்ட் அண்ட் தி லேப் ரிப்போர்ட். ப்ளீஸ் லெட் மீ நோ தி க்வான்டிட்டி யூ நீட்.' ஃபைலுக்கும் சேகோ ப்ரைஸ் லிஸ்ட்டுன்னே பேர் வைங்க. கடைசில 'கைண்ட்லி ரிவர்ட்' வேணாம், 'ரிப்ளை'ன்னே போடுங்க.

ஏற்காடு காபி:
எஸ்டேட் போட்டோ அனுப்பறவன்ங்கற முறையில ஒண்ணு சொல்றேன். ஜிமெயில்ல 25 எம்பி தாண்டுனா ஃபைல் கூகுள் டிரைவ்ல ஏறி லிங்க்காதான் போகும், அப்ப அட்டாச்டுன்னு எழுதாம 'ஹியர் இஸ் தி லிங்க்'னு எழுதுங்க, பர்மிஷன் குடுத்திருக்கான்னும் பாத்துக்கங்க, இல்லன்னா அவங்களால தொறக்க முடியாது. 'ஐ ஹேவ் அட்டாச்டு'ன்னு எழுதறதுல இன்னொரு நல்லது, ஃபைல் சேர்க்க மறந்துட்டு சென்ட் அமுக்குனா ஜிமெயிலே நிறுத்தி கேக்கும்.

ஆத்தூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், முதலாளிகிட்டயும் காமிச்சிட்டேன், சரின்னுட்டார். தமிழ்ல கவர்மென்ட் ஆபீசுக்கு மெயில் போட்டா எப்படிங்க?

செவ்வாய்ப்பேட்டை:
'இத்துடன் இணைத்துள்ளேன்' போதும்ங்க. கடுதாசி மாதிரி எழுதறதா இருந்தா மேல பொருள், பார்வை போட்டு, கீழ கையெழுத்துக்கு அப்புறம் 'இணைப்பு'ன்னு தலைப்பு குடுத்து ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதிருங்க, ஃபைல் பேருலயும் அதே நம்பர் இருந்தா அங்க இருக்கற கிளார்க்குக்கு சுலபமா இருக்கும்.