ஸ்க்ரோல் சோ: கொழும்பில் வீட்டிலேயே மரப்பலகையில் எழுத்தும் சித்திரமும் வெட்டிப் பழகுபவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

நான் ஸ்க்ரோல் சோவில், அதாவது மெல்லிய பிளேட் மேலும் கீழும் ஓட, பலகையைத் திருப்பித் திருப்பி வளைவு வெட்டும் வாள் மெஷினில், அதிகம் வெட்டுவது வாசலில் மாட்டும் பெயர்ப்பலகைகள்தான், அதுவும் தமிழில். யூடியூப்பில் கிடைக்கும் பாடங்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக்கானவை. அவற்றைப் பார்த்துவிட்டு நம் எழுத்துக்கு வந்தால் முதலில் இடிப்பது புள்ளி. 'அம்மா' என்று வெட்டுகிறோம் என்று வையுங்கள். அ ஒரு துண்டு, ம் ஒரு துண்டு, அதன் தலைக்கு மேலே இருக்கும் புள்ளி எதிலும் ஒட்டாமல் தனியாக விழும், கடைசியில் வரும் காலும் தனியாக நிற்கும். சரி, எழுத்தைப் பலகையில் ஓட்டையாக வெட்டுவோம் என்று மாற்றி யோசித்தால் அப்போது விழுவது எழுத்துக்குள்ளே இருக்கும் கண். க, வ, ன, ம எல்லாவற்றிலும் மூடிய வளைவு இருக்கிறதே, அதன் உள்துண்டைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

இதற்கு மூன்று வழியையும் செய்து பார்த்திருக்கிறேன். எழுத்துகளுக்குக் கீழே ஒரு கோடு விட்டு எல்லாவற்றையும் அதில் நிறுத்துவது ஒன்று, ஆனால் புள்ளிக்கு அது உதவாது. புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தின் தலையைத் தொடும்படி வரைவது இரண்டாவது, வெட்ட எளிது, பார்க்க வடிவில்லை. எனக்குப் பிடித்தது மூன்றாவதுதான்: எழுத்தையெல்லாம் தனித்தனியாக வெட்டி வேறு நிற மரத்தில் ஒட்டுவது. மகோகனிப் பலகையில் பலா மரத்து எழுத்து வைத்தால் சிவப்பில் மஞ்சள் எடுப்பாகத் தெரியும். பலா வெயிலும் வெளிச்சமும் பட்டு வர வரப் பழுப்பாக மாறிவிடும் என்பதை மட்டும் வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புள்ளிக்கு நான் உருண்டைக் குச்சியைச் சீவி எடுக்கிறேன், எல்லாப் புள்ளியும் ஒரே அளவாக வரும்.

எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டுக்காரர் கேட்டு சிங்களத்திலும் ஒரு பலகை வெட்டிக் கொடுத்தேன். சிங்கள எழுத்து முழுக்க வளைவு, பிளேட் நிற்காமல் சுற்றிக்கொண்டே போகும். நம் ட, ப, ம அப்படி இல்லை, நேராக இறங்கி மூலையில் பட்டென்று திரும்ப வேண்டும். உள்மூலையில் திரும்பும்போது மரத்தை முன்னால் தள்ளுவதை நிறுத்திவிட்டு, பிளேடின் பல்லில்லாத முதுகுப் பக்கம் மரம் லேசாகச் சாய்ந்திருக்கும்படி பிடித்து, பிளேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பலகையை அதே இடத்தில் சுழற்ற வேண்டும். இது கைக்கு வந்துவிட்டால் தமிழில் எந்த எழுத்துக்கும் பயமில்லை.

இப்போது மெஷின் பற்றி, ஏனென்றால் கேட்கிற எல்லாரும் முதலில் கேட்பது எந்தக் கம்பனி, என்ன விலை என்றுதான். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய கேள்வி அது எந்த பிளேடை ஏற்கும் என்பது. இரண்டு நுனியிலும் குறுக்காகச் சின்னக் கம்பி (பின்) வைத்த பிளேட் ஒரு வகை, வெறும் நுனியோடு இருக்கும் பிளேட் இன்னொரு வகை. இரண்டும் 5 அங்குலம்தான். பெயர்ப்பலகையில் எழுத்தின் கண்ணை வெட்ட முதலில் துளை போட்டு, பிளேடை அதில் கோத்து, திரும்ப மாட்ட வேண்டும். பின் வைத்த பிளேட் நுழைய 5, 6 மில்லிமீட்டர் துளை வேண்டும், அந்தத் துளையே வ-வின் கண்ணை விழுங்கிவிடும். வெறும் நுனி பிளேட் என்றால் 1.5 மில்லிமீட்டர் துளை போதும். மெல்லிய பிளேட்களும் அந்த வகையில்தான் கிடைக்கின்றன. மலிவு மெஷின்களில் சில பின் பிளேட் மட்டுமே பிடிக்கும், ஆகவே காசு கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து பிளேட் பிடிக்கும் இடத்தைக் கண்ணால் பாருங்கள். பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டால் அநேகமாக வேறு மெஷினுக்கான ஜிக்சோ பிளேடைத்தான் எடுத்து வைப்பார்கள். நான் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்குகிறேன். டசன் கணக்கில் வரும், கனமும் இல்லை, கடித உறைக்குள் அடங்கிவிடும்.

3 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 1ஆம் அல்லது 3ஆம் இலக்க பிளேட், தடித்த மகோகனிக்கு 5 அல்லது 7; இலக்கம் கூடக் கூட பிளேட் பருமனாகும். கீழ்ப்பக்கம் சிலும்பு வராமல் இருக்க அடிப்பல் சில மேல்நோக்கித் திரும்பிய பிளேட் கேளுங்கள். இறுக்கம் போதாவிட்டால் எந்த பிளேடும் வளைந்து வெட்டும், விரலால் சுண்டினால் கிண்ணென்று கேட்க வேண்டும். அப்புறம் எல்லா பிளேடும் நேராகப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல் வெட்டும்போது ஒரு பக்கத்தில் பிசிறு நின்றுவிடுவதால் பெரும்பாலானவை கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கும், பலகையை மேசையின் மேலேயே சிறிது கோணமாகத் திருப்பித் தள்ளினால் கோட்டில் நிற்கும். ஆரம்பிக்கும் பலர் இதைத் தங்கள் கையின் குறை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தம்பி, நல்ல பதிவு. எனக்கு மெஷின் பழக்கம் பின்னால் வந்தது, முதலில் வளைந்த சட்டத்தில் இதே மாதிரி மெல்லிய பிளேட் மாட்டிய கைவாள்தான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கதவு நிலைக்கு மேலே காற்றுப் போக வைத்த மரச் சித்திரப் பலகை பார்த்திருப்பீர்கள், கூரை விளிம்பில் தொங்கும் பூவேலைப் பலகையும் அப்படித்தான். அதில் ஒன்று கறையான் அரித்துப் பாதி போய்விட்டது என்று தெரிந்த ஒரு குடும்பம் கூப்பிட்டது. புதிதாக அலுமினியம் போட்டுவிடுங்கள் என்று வந்த ஆட்கள் எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு மனம் வரவில்லை.

மிச்சம் இருந்த பாதியின் மேல் கடதாசியை வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்தேன், ஓட்டைகளின் விளிம்பு அப்படியே வந்துவிட்டது. சித்திரம் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்ததால் கடதாசியைத் திருப்பிப் போட்டு அழிந்த பாதியையும் வரைந்துகொண்டேன். வெட்டும்போது கவனித்தேன், பழைய பாஸ் (தச்சர்) செய்த வெட்டு முழுவதும் சரியாக ஒன்றுபோல இல்லை, ஒரு இலை கொஞ்சம் பருத்திருந்தது. அதை நான் திருத்தவில்லை. அவர் கை வைத்த மாதிரியே வெட்டினேன்.

இதைச் சொல்ல வந்த காரணம், தம்பி சொன்ன அந்த வெறும் நுனி 5 அங்குல பிளேட் கைவாள் சட்டத்திலும் அப்படியே பொருந்தும். 2022 மார்ச் கடைசியில் நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது இந்த வேலையின் பெரும்பகுதியைக் கையாலேயே முடித்தேன். மேசை விளிம்பில் நடுவே ஆப்பு வடிவில் வெட்டிய பலகைத் துண்டு ஒன்றை இறுக்கி, அதன் மேல் வேலையை வைத்து, பல் கீழே பார்க்கும்படி பிளேடை மாட்டி இழுக்க வேண்டும். மெதுவாகத்தான் போகும். ஆனால் மெஷின் வாங்க இப்போது வசதியில்லாத பிள்ளைகள் இதிலிருந்து தொடங்கலாம், வாங்கும் பிளேட் ஒன்றும் பிறகு வீணாகாது.

வத்தளையிலிருந்து:

சுருக்கமாக ஒன்று. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் தன் மெஷினைக் கொள்கலனில் போட்டு அனுப்பினார், டிவோல்ட் கம்பனியுடையது. பிளக் மாற்றினால் ஓடும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். மெஷினில் ஒட்டியிருந்த விவரத் தகட்டைப் பார்த்தேன், 120 வோல்ட் என்று போட்டிருந்தது. நம் சுவரில் வருவது 230. நேராகச் செருகியிருந்தால் மோட்டார் அன்றே முடிந்திருக்கும். 1.3 அம்பியர் என்றும் தகட்டில் இருந்தது, அதாவது 160 வாட்டுக்குள், ஆகவே வோல்ட்டைக் குறைக்கும் 300 வாட் இறக்கு டிரான்ஸ்போமர் வாங்கினேன், சூடாகாமல் ஓடுகிறது. ஆனால் டிரான்ஸ்போமர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், கரண்ட் ஒரு செக்கனில் மாறும் தடவை அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. வேகம் மாற்றும் குமிழ் இல்லாத சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் மெஷின் என்றால் அது ஹேர்ட்ஸைப் பொறுத்தே ஓடுவதால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், வெட்டுவதற்கு அது பெரிய தடையில்லை. வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் அனுப்புகிறேன் என்றால் முதலில் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தெஹிவளையிலிருந்து:

நான் சுவாமி அறைக்குப் பின்னால் வைக்கும் வளைவுப் பலகைகள், கோலப் படிவங்கள் வெட்டுகிறேன். பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று நினைத்தேன், அதனால் எழுதுகிறேன். பெரிய வாள்களுக்குப் பக்கத்தில் போக எனக்கு மனமில்லை, இதில் கை பிளேடுக்குப் பக்கத்தில் இருந்தாலும் கட்டுப்பாடு முழுவதும் நம்மிடம் இருக்கிறது. அதற்காக விரலை நேராக பிளேடுக்கு முன்னால் வைக்கக் கூடாது, மகளுக்கும் அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தேன்.

தூசியைப் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லை. இந்த மெஷினில் வருவது மாவு போன்ற தூசி, காற்றில் நீண்ட நேரம் நிற்கும். எங்கள் வீட்டில் மகனுக்கு இழுப்பு இருக்கிறது, ஆகவே வேலை பின்பக்க வராந்தாவில்தான், என்95 முகக்கவசம் போட்டுத்தான், வேலை முடிந்து உடுப்பு மாற்றிவிட்டுத்தான் உள்ளே வருவேன். எல்லா மரமும் ஒன்றல்ல. மரக்காலையில் முதிரைத் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன, என்ன அழகான மரம், பொன் நிறத்தில் அலை அலையாக மின்னும். வெட்டிய அன்று இரவே முழங்கை வரை தடித்துச் சிவந்துவிட்டது. முதிரைத் தூசி சிலருக்குத் தோலில் இப்படிச் செய்யும் என்று பிறகு டொக்டர் சொல்லித் தெரிந்தது. இப்போது மகோகனி, மலைவேம்பு இரண்டோடு நிற்கிறேன். மலைவேம்பு பாரமில்லாதது, சுவரில் பெரிய பலகை மாட்ட அதுதான் வசதி.

மகோகனியில் வளைவில் கருகல் வருகிறவர்களுக்கு: பார்சல் ஒட்டும் அகல டேப்பைச் சித்திரத்தின் மேல் ஒட்டிவிட்டு வெட்டிப் பாருங்கள், கருகல் பெருமளவு குறையும். ஒரே கோலத்தில் பல பிரதி வேண்டுமென்றால் 3 மில்லிமீட்டர் பிளைவுட் நாலைந்தை அடுக்கி ஓரங்களை டேப்பால் சுற்றிக் கட்டி ஒரே தடவையில் வெட்டலாம், மேசை பிளேடுக்குச் சரியாகச் செங்குத்தாக இருந்தால் மட்டும். அதைப் பார்க்கத் தடித்த மரத்துண்டில் சின்ன வெட்டுப் போட்டு, மெஷினை நிறுத்தி, துண்டைப் பிளேடின் பின்னால் கொண்டுபோய்த் திருப்பி அதே வெட்டில் பிளேடை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்தால் மேசை செங்குத்தாக இருக்கிறது.

கேள்வி ஒன்று: கடற்காற்றில் மெஷின் மேசை துருப்பிடிக்கிறதே, வெள்ளவத்தை அண்ணா என்ன செய்கிறீர்கள்?

வெள்ளவத்தையிலிருந்து:

அக்கா, காரில் பூசும் சாதாரண மெழுகு. சிலிக்கோன் கலக்காததா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள், சிலிக்கோன் மரத்தில் ஏறினால் வார்னிஷ் பிடிக்காது. துருவை மெல்லிய சாண்ட் பேப்பரால் எடுத்துவிட்டுப் பூசித் துடைத்துவிடுங்கள், பலகையும் வழுக்கிக்கொண்டு நகரும். மழைக்காலத்தில் நான் அடிக்கடி பூசுகிறேன், பழைய பருத்தித் துணியால் மூடியும் வைக்கிறேன், பிளாஸ்டிக் மூடினால் உள்ளே வியர்க்கும்.

கொட்டாஞ்சேனை ஐயா, அந்தப் பருத்த இலையை அப்படியே விட்டதற்கு நன்றி. அந்தக் கடதாசிப் படிவத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? முடிந்தால் அதைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், எங்கள் ஒழுங்கையிலும் இடிக்கப் போகிற வீடு ஒன்றில் நிலைப் பலகைகள் இருக்கின்றன, இடிப்பதற்கு முன் நானும் கடதாசியோடு போய்க் கேட்கப் போகிறேன். அடுத்த முறை பிளேட் வரும்போது 3ஆம் இலக்கத்தில் கூடுதலாகச் சொல்லலாம், வேண்டுமானவர்கள் எத்தனை டசன் என்று எழுதுங்கள், விலையைப் பங்கு போட்டுக்கொள்வோம்.